ஒட்டுப் போட்டதை நம்பலாம்

உயிர் காக்கும் பொருளில் ஒட்டுப் போடக் கூடாது. காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. புதிது வாங்குவதுதான் பாதுகாப்பு. ஸ்கூபா முக்குளிப்புக்குப் புதிதாக வருகிறவரிடமும், வெள்ள மீட்புக்கு ரப்பர் படகு வாங்குகிறவர்களிடமும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அக்கறையில் பிறந்த பேச்சு என்பதால் யாரும் அதை எதிர்த்துக் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும். காற்றடைத்த பொருள் எங்கே கசிகிறது, எதனால் கசிகிறது, எந்தக் கசிவு ஆளைக் கொல்லும் என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பேச்சில் பதில் கிடையாது.

கசிவைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் கடலோரத்தில்தான் இருப்பார்கள் என்பதும் இல்லை. விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குப் போகும் ரயில் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டி நரிக்குடியில் நிற்கும். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் வெள்ளாமை, பெருகாவிட்டால் தரிசு. தரிசு என்றால் சீமைக்கருவேலம். கண்மாய் உள்வாய், கரை, வரப்பு, வண்டிப்பாதை என எங்கும் அந்த மரம்தான். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. மரம் இன்னும் நிற்கிறது, முள்ளும் கிடக்கிறது. சைக்கிள், எக்ஸெல் வண்டி, டிராக்டர் எதையும் அந்த முள் விட்டுவைப்பதில்லை. அதனால் இந்த வட்டாரத்துப் பஞ்சர் கடைகளில் கசிவைத் தேடும் அறிவு அன்றாடம் தீட்டப்படுகிறது.

காற்று இறங்கிய சக்கரம் வந்ததும் கைதேர்ந்த கடைக்காரர் டியூபை உருவ மாட்டார். முதலில் வால்வு வாயில் விரலால் எச்சிலோ தண்ணீரோ தொட்டு வைப்பார். அங்கே குமிழி வந்தால் மோட்டார் வண்டிக்கு வால்வு ஊசி, சைக்கிளுக்கு வால் டியூப். அதை மாற்றினால் வேலை முடிந்தது. குமிழி வரவில்லை என்றால்தான் டயரைக் கழற்றி, டியூபில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்ப்பார். ஓட்டை தெரிந்த பிறகும் ஒட்டுப் போட அவசரப்பட மாட்டார். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, ஒடிந்து நிற்கும் முள்முனையைத் தேடிப் பிடுங்குவார். பிடுங்காமல் புது டியூபே போட்டாலும் அது திருச்சுழி போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும்.

வால்வைச் சோதிப்பது, ஓட்டையைக் காண்பது, காரணத்தைக் களைவது. 'தூக்கிப் போடு, புதிது வாங்கு' என்கிற கட்சி இந்த மூன்றையும் தாண்டிக் குதிக்கிறது. கசிந்த பொருள் குப்பைக்குப் போகிறது, கசிய வைத்த காரணம் அங்கேயே இருக்கிறது. அடுத்து வரும் புதுப் பொருளும் அதே காரணத்தால்தான் கசியப் போகிறது.

பஞ்சர் கடைக்கும் கடலடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்த வால்வின் வரலாற்றைப் பார்க்கலாம். மோட்டார் வண்டி டியூபில் இருக்கும் ஊசி வால்வுக்கு ஷ்ரேடர் வால்வு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கில் கடை வைத்திருந்த ஆகஸ்ட் ஷ்ரேடர், ரப்பர் மிதவைகளுக்கு வால்வுகளும் பொருத்திகளும் செய்தவர். பிறகு மூழ்குவோருக்கான செப்புத் தலைக்கவசமும் காற்றுப் பம்பும் செய்தார். காற்றடைத்த சைக்கிள் டயர் பரவிய பிறகுதான் அவருடைய நிறுவனம் டயர் வால்வுக்கு வந்தது. 1893இல் காப்புரிமை பெற்ற அந்த வால்வுதான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. ஸ்கூபா ஜாக்கெட்டின் காற்றேற்றும் பொத்தானுக்குள் பெரும்பாலும் இருப்பதும் இதே வகை ஊசி வால்வுதான். நரிக்குடிக் கடைக்காரர் எச்சில் தொட்டுப் பார்க்கும் இடமும், முக்குளிப்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடமும் ஒன்றே.

அந்த ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிசிடி என்று முக்குளிப்பவர்கள் சொல்வது இதைத்தான். முதுகில் சிலிண்டரைத் தாங்கும் சட்டை, அதற்குள் ஒரு காற்றுப்பை. பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று பைக்குள் வரும், ஆள் மேலே மிதப்பார். இன்னொரு பொத்தானையோ கயிற்றையோ இழுத்தால் காற்று வெளியேறும், ஆள் கீழே இறங்குவார். சுவாசத்துக்கு இதனுடன் தொடர்பில்லை. மூச்சுக்காற்று தனிக் குழாய் வழியாக, தனிக் கருவி வழியாக வாய்க்கு வருகிறது. பிசிடியில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் மூச்சு நிற்காது. பையில் காற்று மெல்லக் குறையும், பொத்தானை ஒரு முறை கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். அந்த முக்குளிப்பை நிதானமாக முடித்துக்கொண்டு மேலே வந்து பழுது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஜாக்கெட்டுகளின் மூதாதை, பிரான்சைச் சேர்ந்த மொரீஸ் ஃபென்சியின் கழுத்துப்பை. அது 1961இல் வந்தது. அதே 1960களில் தூத்துக்குடிக்கு அப்பால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் கடலடிக்குப் போய் மன்னார் வளைகுடாவின் பாறைத் தளத்தையும் அங்கு வாழும் உயிர்களையும் கண்ணால் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். இன்றைய வகை ஜாக்கெட் அன்று பொதுவான உபகரணமாகியிருக்கவில்லை. எடைக்கட்டும் நுரையீரலும் கொண்டு மிதப்பைச் சரிசெய்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஜாக்கெட் வந்தது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு சிறு கசிவு என்றவுடன் மரணம் வந்துவிட்டதாக அலறுவதற்கு அடிப்படை இல்லை என்பதை இந்த வரலாறு சொல்கிறது.

இனி கசிவு எங்கே வருகிறது என்ற கேள்வி. பை மொத்தமாகக் கிழிவது அரிது. பவளத்தின் கூர்முனையோ பாறையில் ஒட்டிய கொட்டலசின் விளிம்போ உரசினால் துளை விழலாம். அதைவிட அடிக்கடி கசிவது வால்வுகள். ஒரு ஜாக்கெட்டில் சாதாரணமாக மூன்று நான்கு வால்வுகள் இருக்கும். தோளில் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று, காற்றேற்றும் குழாயில் ஒன்றிரண்டு. பையில் காற்று அளவு மீறினால் தானாகத் திறந்து வெளிவிடும்படி அவற்றில் சில வடிவமைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வட்டு, ஒரு இருக்கை. அந்த வட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், நாள் முழுக்கக் குமிழி விடும்.

மணலை விடப் பொல்லாதது உப்பு. ஒவ்வொரு முக்குளிப்பிலும் கொஞ்சம் கடல்நீர் பைக்குள் போய்விடுகிறது. கரைக்கு வந்ததும் வெளியே மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் காயப்போட்டால் உள்ளே நின்ற கடல்நீர் வற்றி உப்புப் பரல்களாகிறது. அந்தப் பரல் ரப்பர் வட்டின் அடியில் போய் உட்காரும், ஊசி வால்வின் தண்டில் படியும். இதற்கு வைத்தியம் எளிது. பையின் மூன்றில் ஒரு பங்குக்கு நல்ல தண்ணீர் விட்டு, மீதிக்குக் காற்றேற்றி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் குலுக்கி, எல்லா வால்வு வழியாகவும் வடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்த பிறகு பாதிக் காற்றோடு நிழலில் தொங்கவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் படிந்த உப்பு சீக்கிரம் கரையும். கசிவதாக ஒதுக்கிவைத்த ஜாக்கெட் இந்த ஒரு கழுவலிலேயே சரியாகிவிடுவதுண்டு. சரியாகாவிட்டால் வால்வைத் திருகிக் கழற்றி, வட்டைத் துடைத்து, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ-ரிங்கை மாற்றலாம். பல்லாயிரம் ரூபாய் ஜாக்கெட்டைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கி, பழைய பழக்கப்படியே வெளியே மட்டும் கழுவுகிறவரின் புது ஜாக்கெட்டிலும் அதே உப்புத்தான் படியும். டயருக்குள் முள்ளை விட்டுவிட்டுப் புது டியூப் போட்ட கதை இது.

'புதிது வாங்கு' கட்சியின் பெரிய பிழை இன்னும் ஆழமானது. காற்று வெளியே போகும் கசிவைக் கண்டு அது அஞ்சுகிறது. அஞ்ச வேண்டியது காற்று உள்ளே வரும் கசிவை. காற்றேற்றும் பொத்தானின் வால்வு உப்பால் சிக்கிக்கொண்டால், பொத்தானை விட்ட பிறகும் சிலிண்டர் காற்று பைக்குள் வந்துகொண்டே இருக்கும். 20 மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. அங்கே பையில் இருக்கும் 2 லிட்டர் காற்று, ஆள் மேலேற மேலேற விரிந்து மேற்பரப்பில் 6 லிட்டராகிவிடும். ஆறு கிலோ அளவுக்குத் தூக்குவிசை. ஏறும் வேகம் கூடக் கூடக் காற்று இன்னும் விரியும், விரிந்த காற்று இன்னும் வேகமாக ஏற்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படி ஏறுகிறவரின் நுரையீரல் கிழியக் கூடும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஊனப்படுத்தவும் கூடும். இந்தக் கசிவு வெளியே குமிழியாகத் தெரியாது. தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாலும் பிடிபடாது. கரையில் சிலிண்டரை இணைத்து, பையைத் தட்டையாக்கி வைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துத் தானாக உப்பியிருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பழுது பார்க்கும் பழக்கம் உள்ளவர் இதைப் பார்ப்பார். குமிழி வந்தால் மாற்று, வராவிட்டால் மாட்டு என்று மட்டும் பழகியவர் இதைப் பார்க்க மாட்டார். புதிது என்ற நம்பிக்கையே இங்கே ஆபத்தாகிறது.

சரி, துணியிலேயே ஓட்டை என்றால்? ஒட்டு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பிய்ந்துவிடும் என்பது அடுத்த வாதம். கேட்டவுடன் சரியாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு இயற்பியல் இடம் தரவில்லை. 30 மீட்டர் ஆழத்தில் வெளியே நான்கு மடங்கு அழுத்தம் என்றால் பைக்குள் இருக்கும் காற்றும் அதே நான்கு மடங்கு அழுத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம், பையில் நிற்கும் காற்றுக்குமிழியின் உயரத்தைப் பொறுத்தது மட்டுமே. குமிழி 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் வித்தியாசம் அரை பிஎஸ்ஐக்கும் குறைவு. ஒட்டு அதிகபட்ச வேலை செய்வது ஆழத்தில் அல்ல, மேற்பரப்பில் பையை முழுக்க உப்பவைக்கும்போது. அங்கேயும் சுமார் 2 பிஎஸ்ஐ அளவில் வால்வு தானாகத் திறந்துவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஓட்டையின் வழியாக 2 பிஎஸ்ஐ காற்று ஒட்டைத் தள்ளும் விசை ஒன்றரை கிராம் எடைக்கும் குறைவு. மோட்டார் சைக்கிள் டியூபில் 25 முதல் 35 பிஎஸ்ஐ, லாரி டியூபில் 100க்கும் மேல். டியூபின் ஒட்டை டயர் வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கிறது, பிசிடிக்கு அந்தத் துணை இல்லை என்பது உண்மை. அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், நல்ல பசைக்கு ஒன்றரை கிராம் ஒரு சுமையே அல்ல.

ஒட்டு பிரிந்துவந்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஒட்டுகள் பிரிகின்றன. ஏன் பிரிகின்றன என்பதுதான் கேட்க வேண்டியது. டியூபில் ஓட்டையைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் மெல்லியதாகத் தடவி, அது கையில் ஒட்டாத பதத்துக்கு உலரும் வரை காத்திருந்து ஒட்டும்போது, ஒட்டின் ரப்பரும் டியூபின் ரப்பரும் வேதியியல் முறையில் பிணைகின்றன. சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகமும் சூடும் சேர்த்துக் கண்டறிந்த வல்கனைசிங் முறையின் குளிர்ந்த வடிவம் அது. அந்தச் சொல்யூஷன் ரப்பருக்கானது. பிசிடியின் பை நைலான் துணியில் பாலியூரித்தேன் பூசியது, அங்கே ரப்பர் சொல்யூஷன் மேலாக ஒட்டி நின்று, தண்ணீரில் இரண்டு முறை நனைந்ததும் உரிந்துவிடும். அதற்கு யூரித்தேன் பசை வேண்டும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஈரமின்றி உலரவிட்டு, பசை தடவி, ஒரு முழு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். பிவிசி படகுக்கு ஒரு பசை, ஹைபலான் படகுக்கு வேறு பசை. ஹைபலான் தயாரிப்பை டுபாண்ட் நிறுவனம் 2010இல் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த வகைத் துணியில் செய்த படகுகள் இன்னும் ஓடுகின்றன. எந்தத் துணி என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்த பசையைப் பூசிவிட்டு, ஒட்டு என்பதே நம்பத் தகாதது என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

நல்ல பொருளைக் கெட்டது என்று தள்ளுவதும் நடக்கிறது. வறண்ட நாட்டுப் பகல் இதற்கு நல்ல சாட்சி. பகல் 40 டிகிரி வெயிலில் பையை விறைப்பாகக் காற்றேற்றி, விடியற்காலை 25 டிகிரியில் தொட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருக்கும். கசிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. 15 டிகிரி குளிர்ந்தாலே உள்ளே இருக்கும் காற்றின் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். விறைப்பைத் தருவது மொத்த அழுத்தம் அல்ல, வெளிக்காற்றுக்கு மேல் இருக்கும் அந்த 2 பிஎஸ்ஐ மட்டுமே. மொத்தத்தில் 5 சதவீதம் போனால் அந்த 2 பிஎஸ்ஐயில் நாற்பது சதவீதம் போய்விடும். ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியாமலேயே பை தளர்ந்திருக்கும். ஆகவே இரவு முழுக்க வைத்துப் பார்க்கும் சோதனையை, வெப்பம் மாறாத அறைக்குள் செய்ய வேண்டும். இல்லையென்றால் மறுநாள் அதே வெயில் நேரத்தில் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட வேண்டும்.

பழுது பார்ப்பதற்கும் எல்லை உண்டு. பையைக் கழுவும்போது பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து வந்தால் அந்தப் பைக்கு ஒட்டு உதவாது. தையலும் வெல்டும் நீளமாக விட்டுப்போனாலும் அப்படியே. காற்றேற்றும் நெளிகுழாய் வெடித்திருந்தால் ஒட்டுவதை விடக் குழாயை மாற்றுவதே சரி. மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரிலும் சிலிண்டரிலும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது. கிணற்றிலும் கண்மாயிலும் பிள்ளைகள் மிதவையாகப் போட்டுக்கொள்ளும் லாரி டியூப் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் உயிர்காப்புச் சாதனம் ஆகாது. ஒற்றை அறை, பிடிமானம் இல்லை, கை நழுவினால் பிள்ளை கீழே போய்விடும். அங்கே குற்றவாளி ஒட்டு அல்ல, அந்த டியூபை நம்பித் தண்ணீரில் இறக்குவது. இந்த எல்லைகளைத் தெரிந்துகொள்வதும் பழுது பார்க்கிற அறிவின் பகுதிதான். தூக்கி எறிகிறவருக்கு எது தேறும், எது தேறாது என்று பிரித்தறிய வேண்டிய தேவையே வருவதில்லை.

இது பொழுதுபோக்கு முக்குளிப்போடு நிற்கும் சங்கதியும் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை மறக்கக் கூடியதல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் காற்றடைத்த மீட்புப் படகு போகும் வழி கடல் அல்ல. முழுகிக் கிடக்கும் முள்வேலி, கம்பிவேலி, உடைந்த கண்ணாடி, கருவேலம் மண்டிய கண்மாய்க்கரை இவற்றின் மேல்தான் அது போயாக வேண்டும். துளை விழுவது விபத்தல்ல, அந்தப் பணியின் இயல்பு. அதனால்தான் அந்தப் படகுகளைப் பல அறைகளாகப் பிரித்துச் செய்கிறார்கள். ஓர் அறை போனாலும் மற்ற அறைகள் தாங்கும். அப்படிப்பட்ட படகை ஒரு முள் குத்தியதற்காக ஓரங்கட்டினால் அடுத்த மழைக்குக் கைவசம் ஒரு படகு குறையும். புதுப் படகுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, அது வந்து சேருவதற்குள் வெள்ளம் வடிந்து போயிருக்கும். சரியான பசையும் அதே துணியில் வெட்டிய ஒட்டும் இருந்தால் ஒரே நாளில் அந்தப் படகு மீண்டும் தண்ணீரில் இறங்கும்.

அதனால் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மன்னார் வளைகுடாவிலும் புதுச்சேரியிலும் ஸ்கூபா கற்றுத் தருகிறவர்கள் முதல் வகுப்பிலேயே வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டவும், தானாக உப்புகிறதா என்று சோதிக்கவும் கற்றுத் தர வேண்டும். ஒட்டிய ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் எந்த நாளில், எந்தப் பசையால், யார் ஒட்டினார்கள் என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே தீயணைப்பு மீட்பு நிலையங்களில் இருக்கும் காற்றுப் படகுகளைக் காற்றேற்றி, இரவு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, அந்தந்தத் துணிக்குரிய பசையோடு ஒட்டிவைக்க வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் டயர் பஞ்சரோடு இந்த வேலையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பஞ்சர் கடைப் பையன்களுக்குக் குமிழியைப் பார்க்கும் கண்ணும் முள்ளைத் தேடும் விரலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்குத் தேவை யூரித்தேன் பசையும் ஒரு மாதப் பயிற்சியும்தான்.